தேக்கா மறந்த தண்டவாளம்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்துப் பழைய வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். ரோச்சோர் கால்வாயோரத்துத் தண்ணீரும் புல்லும், அதை நம்பி எழுந்த கொட்டில்கள், பால்காரர்கள், வண்டிக்காரர்கள், இன்றும் பெயர்ப்பலகையில் நிற்கும் பஃப்ளோ சாலை, கெர்பாவ் சாலை. அப்புறம் சந்தை, சிராங்கூன் சாலைக் கோயில்கள், கடைகள். இந்த வரிசையில் தண்டவாளத்துக்கு இடமே கிடைப்பதில்லை. ஆனால் சந்தையிலிருந்து புக்கிட் தீமா சாலையைத் தாண்டினால் வரும் மெக்கன்சி சாலையில்தான் சிங்கப்பூர் மின்சார டிராம் நிறுவனத்தின் மின் நிலையம் இருந்தது. 1905 ஜூலையில் டிராம் ஓடத் தொடங்கியது; சிராங்கூன் சாலையிலும் தண்டவாளம் பதிந்தது. அடுத்த ஆண்டு நகராட்சி முதன்முதலாகத் தெருக்களில் மின்விளக்கு போட்டபோது, அதற்கான மின்சாரத்தை இந்த டிராம் நிறுவனத்திடமிருந்தே வாங்கியது. சிங்கப்பூர்த் தெருவுக்கு வந்த முதல் மின்வெளிச்சம் தேக்காவின் எதிர்ப்புறத்திலிருந்து போனது என்பது இன்றைக்கு எத்தனை தேக்காக்காரர்களுக்குத் தெரியும்? ரிக்‌ஷாக்களின் போட்டியைத் தாங்கமுடியாமல் திணறிய டிராம் 1927 செப்டம்பரில் நின்றுவிட்டது. 1926இலேயே வந்துவிட்ட டிராலி பேருந்துகள் 1962 வரை ஓடின. அவற்றை நடத்திய சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி 1971இல் மூடப்பட்டது. தண்டவாளம் போனது, மேலே ஓடிய மின்கம்பி போனது, அவற்றோடு அந்த நினைவும் போனது.

இப்படிப் போன ஒன்றை யார் காப்பாற்றுவது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. ஆவணக் காப்பகம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனாலும் ரயிலின் உள்ளியல்பைக் காக்கும் வேலையை உலகெங்கும் சத்தமில்லாமல் செய்துவருகிறவர்கள் வேறு ஒரு கூட்டத்தார். சின்ன ரயில்களை அளவு பிசகாமல் செய்து, மேசைமேல் தண்டவாளம் பூட்டி, வாரக்கடைசியில் கூடி ஓட்டுகிற மாதிரி ரயில் ஆர்வலர்கள்தாம் அவர்கள். அவர்களை ஒன்றாகக் கட்டியிருப்பது பழைய நினைவின் ஏக்கம் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பொது அளவுக்கும் ஒரு பொது விதிக்கும் எல்லாரும் கட்டுப்படுவதால் பிறக்கும் நம்பிக்கைதான் அவர்களுடைய தோழமை. ரயில் என்ற தொழில் எந்த நம்பிக்கைமேல் நின்றதோ அதுவே இது. தொழிலில் இதைப் பதவிப் படிநிலை கெடுத்தது. பொழுதுபோக்கில் அது கெடாமல் நிற்கிறது. ஆகவே ரயில் வரலாற்றின் உரிமையுள்ள வாரிசுகள் இவர்கள். அந்த உரிமையோடு ஒரு கடமையும் அவர்களுக்கு உண்டு.

முதலில் தொழிலைப் பார்ப்போம். சிங்கப்பூரில் ரயில் 1903 ஜனவரி 1 அன்று டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் உட்லண்ட்ஸை எட்டியது. தேக்காவுக்கு அருகிலிருந்த நிலையம் நியூட்டன். 1923இல் கடற்பாலத்தின் வழியே ஜோகூருக்கு நேரடியாக ரயில் போனது. 1932 மே மாதம் தஞ்சோங் பகார் நிலையம் திறந்தபோது பாதையே வேறு பக்கம் திருப்பப்பட்டு, டேங்க் ரோடும் நியூட்டனும் கைவிடப்பட்டன. இந்தப் பாதை கடைசிவரை ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒரே துண்டுப் பாதையில் நுழைந்துவிடாமல் காத்தது டோக்கன். புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரை இந்த முறையே இருந்தது. துண்டுப் பாதையின் இரு முனைகளில் உள்ள நிலையங்களில் மின்கம்பியால் பிணைக்கப்பட்ட இரண்டு இயந்திரங்கள். இவற்றிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கனைத்தான் எடுக்கமுடியும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, நடைமேடையில் நிற்கும் நிலைய ஊழியர் கையை உயர்த்திப் பிடிப்பார். ஓட்டுநர் ரயிலை மெதுவாக்கி, வளையத்துக்குள் கையை விட்டு அதை வாங்கிக்கொண்டு, பழைய டோக்கனைத் திருப்பித் தருவார். அந்த டோக்கன் கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அடுத்த துண்டுக்குள் போகக்கூடாது, எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் சரி. அடுத்த நிலையத்தில் இருப்பவரை ஓட்டுநர் பார்த்ததில்லை, பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் விதியை மீறமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் ஒரு ரயில் முழுக்கப் பயணிகளோடு இருட்டுக்குள் போகிறார். ரயில்வேயின் தோழமை என்பது இதுதான். தோளில் கைபோட்டுக்கொள்வது அதற்குப் பிறகு வருவது.

இந்த நம்பிக்கையில் தமிழர் பங்கு பெரிது, ஆனால் அது ஒரே தட்டில் வைக்கப்பட்ட பங்கு அல்ல. மலாயாவின் முதல் ரயில்பாதையான தைப்பிங்–போர்ட் வெல்ட் தடம் 1885 ஜூனில் திறந்தது. அதைப் போட உதவியது இலங்கையிலிருந்து வந்த பயனியர் படை. 1901இல் கூட்டு மலாய் மாநில ரயில்வேக்கு முதல் பொது மேலாளரான சி. இ. ஸ்பூனர் இலங்கையில் வேலை பார்த்து வந்தவர். அவர் காலத்தில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் திரளாக வந்து சேர்ந்தார்கள். தண்டவாளத்தில் சரளை கொட்டி, கட்டையை மாற்றி, வெயிலில் நின்றவர்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கூலிகள். கோலாலம்பூர் செந்தூல் பணிமனையிலும் தமிழ்க் கைகளே நிறைந்திருந்தன. மேலே ஐரோப்பிய அதிகாரி, நடுவில் யாழ்ப்பாணத்து எழுத்தர், கீழே தஞ்சாவூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்த கூலி: டோக்கன் எல்லாருக்கும் ஒன்று, குடியிருப்பு வேறு, சம்பளம் வேறு, மரியாதை வேறு. அந்தக் கீழ்த்தட்டு மக்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட தோழமைக்கு ஒரு சான்று இன்றும் நிற்கிறது. குவீன்ஸ்டவுனில் தண்டவாள ஓரத்தில் ரயில்வேத் தொழிலாளர்கள் 1932இல் வைத்து வணங்கிய முனீஸ்வரன், இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக இருக்கிறார். டிராக்‌ஷன் கம்பெனியில் இந்தியரும் மலாய்க்காரரும் சீனரும் சேர்ந்து 1955–56இல் நான்கு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததும் அதே வகைத் தோழமைதான்.

இதைச் சொல்லும்போது சயாம்–பர்மா ரயில்பாதையைத் தாண்டிப் போகமுடியாது. 1942–43இல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் இழுத்துச் செல்லப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் திரளாக மடிந்தார்கள். ரயில் என்றாலே மனிதர்களை இணைப்பது என்று பூசி மெழுகுகிற பேச்சுக்கு அந்தப் பாதை பதில் சொல்லிவிட்டது. தண்டவாளம் தானாக யாரையும் தோழராக்குவதில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்து, அதற்கு மனம் ஒப்பிக் கட்டுப்படும்போதுதான் தோழமை வருகிறது. மிரட்டிக் கட்டுப்படுத்தினால் வருவது அடிமைத்தனம். இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பொழுதுபோக்கு ரயிலைப் பார்க்கவேண்டும்.

பொழுதுபோக்கு ரயிலின் வரலாறே பொது அளவைத் தேடிய வரலாறு. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் பொம்மை ரயிலை நிலையான தண்டவாள அகலங்களோடு கொண்டுவந்தது. ஒருமுறை வாங்கிய தண்டவாளத்தில் அடுத்த ஆண்டு வாங்கும் வண்டியும் ஓடவேண்டும் என்பதே அதன் நோக்கம். 1910இல் லண்டனில் மாதிரி ரயில் சங்கம் தொடங்கியது. அத்தகைய சங்கங்களில் உலகிலேயே பழையது அது. லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் ரயில்களை விற்கத் தொடங்கினார். ஆனால் ஒருவர் செய்த பெட்டி இன்னொருவர் தண்டவாளத்தில் ஓடாத நிலை நெடுங்காலம் நீடித்தது. சக்கரத்தின் விளிம்பு ஒரு அளவு, பெட்டிகளைப் பூட்டும் கொக்கி இன்னொரு அளவு. 1935இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஆர்வலர்கள் கூடி ஒரு தேசிய சங்கத்தை அமைத்ததற்கு முதன்மையான காரணம் இந்தத் தொல்லைதான். சக்கரம், தண்டவாளம், கொக்கி எல்லாவற்றுக்கும் அவர்கள் பொது அளவு வகுத்தார்கள். 1990களில் எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டும் டிஜிட்டல் முறையையும் அதே சங்கம் பொது விதியாக்கியது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அமெரிக்கச் சங்கம் ஏற்று, உலகமே பின்பற்றியது. இன்னொரு சான்று எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கம். அதில் சிக்னலையும் மின்சாரத்தையும் கவனித்த மாணவர்கள், தொலைபேசி ரிலேக்களை வைத்து ஒருவர் போட்ட இணைப்பை இன்னொருவர் திருத்தி, இன்னொருவர் மேம்படுத்தி வளர்த்தார்கள். கணினி உலகத்தில் ஹேக்கர் பண்பாடு என்று சொல்லப்படுவதற்கு ஊற்றுக்கண்களில் ஒன்று அந்த அறை. ஒருவர் கண்டதை மறைக்காமல் மற்றவருக்குக் கொடுக்கும் பழக்கம் அங்கே ரயிலால் வந்தது.

சிங்கப்பூரின் வீட்டு நிலைமைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். வீவக வீட்டின் ஓர் அறையில் பெரிய லேஅவுட், அதாவது மாதிரி ரயில் ஓடும் முழு அமைப்பு, போட முடியாது. 160க்கு 1 என்ற என் ஸ்கேல்தான் இங்கே எல்லாருக்கும் கைக்கு அடங்குவது. 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள உண்மைத் தண்டவாளம் இதில் 9 மில்லிமீட்டராகிவிடும். இதிலும் இடம் போதாதவர்களுக்கு மாட்யூல் முறை இருக்கிறது. டி-டிராக் என்ற வகையில் ஒரு துண்டின் நீளம் 308 மில்லிமீட்டர். புத்தக அலமாரியில் வைத்துவிடலாம். ஒருவர் வயலும் வாய்க்காலும் செய்வார், இன்னொருவர் நிலையம் செய்வார், மூன்றாமவர் வெறும் பாலம் செய்வார். கூடும் நாளில் நீண்ட மேசைகளைப் போட்டு, துண்டுகளை வரிசையாக வைத்துப் பூட்டுவார்கள். அப்போது முதலில் நடப்பது வேடிக்கை பார்ப்பது அல்ல, வேலை. இணைப்பின்மேல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். நகம் தட்டினால் ரயில் அங்கே தடம் புரளும். மெல்லிய துணியில் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளம் முழுவதையும் துடைப்பார்கள். ஓடுவதற்கான மின்சாரம் தண்டவாளம் வழியாகச் சக்கரத்துக்கு ஏறுவதால், கண்ணுக்குத் தெரியாத கருப்புப் படலமே ரயிலை நிறுத்திவிடும். ஒருவருடைய துண்டில் அழுக்கு இருந்தால் எல்லாருடைய ரயிலும் நிற்கும். ஆகவே தன் துண்டை மட்டும் துடைத்துவிட்டு ஒதுங்கி நிற்பவர் யாரும் இல்லை. பொது அளவு தோழமையாக மாறும் இடம் இதுதான். அங்கே மருத்துவராக இருப்பவர், பள்ளிக்கூடப் பையன் சிக்னலைத் திருப்பும்வரை காத்திருப்பார். உண்மையான ரயில்வே தன் தொழிலாளர்களுக்குக் கொடுக்காத சமத்துவம் அது.

மலாயா ரயிலைச் செய்ய நினைப்பவருக்கு இந்தக் கூட்டுறவு இன்னும் கட்டாயமாகிறது. இங்கே ஓடிய ரயில் மீட்டர் கேஜ். என் ஸ்கேலில் ஒரு மீட்டர் என்பது ஆறேகால் மில்லிமீட்டர். அதற்கு 220க்கு 1 அளவான இசட் ரயிலின் 6.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தைத்தான் எடுத்து ஒப்பேற்றவேண்டும். 87க்கு 1 என்ற எச்.ஓ. அளவில் செய்வதானால், சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கைகொடுக்கும். வண்டியோ எந்தக் கடையிலும் ஆயத்தமாகக் கிடைக்காது. நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் மலாயாவுக்கு அனுப்பிய 56ஆம் வகை நீராவி எஞ்சினைச் செய்ய ஒருவர் வரைபடம் தேடவேண்டும், ஒருவர் முப்பரிமாண அச்சில் உடலை எடுக்கவேண்டும், ஒருவர் மோட்டாரைப் பொருத்தவேண்டும், ஒருவர் எந்த ஆண்டில் என்ன வண்ணம் என்று சொல்லவேண்டும். கடைக்காரர் செய்யாததைக் கூட்டாளிகள் செய்கிறார்கள். அந்த வேலையின் நடுவில்தான் வரலாறு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுகிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை லேசானவையும் அல்ல. இது பணக்கார விளையாட்டு என்பது முதல் மறுப்பு. தேக்காவின் வரலாறு உழைப்பின் வரலாறு. அதை நினைவுகூர விலையுயர்ந்த பொம்மையா? விலை உண்மைதான், ஜப்பான், ஜெர்மனித் தயாரிப்புகள் மலிவானவை அல்ல. ஆனால் பொழுதுபோக்கின் சாரம் வாங்குவதில் இல்லை. அட்டையை வெட்டி மடித்துப் பெருவிரைவு ரயிலின் பெட்டியைச் செய்யும் மாணவரும், அளவு சரியாக எடுத்திருந்தால், இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவரே. காசு இல்லாதவரை விலக்கும் சங்கம் தன் கொள்கையிலிருந்தே விலகியது என்று தயங்காமல் சொல்லலாம். பொதுத் தண்டவாளமும் பொதுக் கருவிகளும் வைத்திருப்பதுதான் சங்கம் என்ற ஒன்றுக்கே பொருள்.

காலனிய ஏக்கம் என்பது இரண்டாவது மறுப்பு. வெள்ளைக்காரன் போட்ட ரயிலைப் பளபளப்பாகச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில் நமக்கென்ன பெருமை? இந்த மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. உலகின் பெரும்பாலான லேஅவுட்டுகளில் எஞ்சினின் ஆணி ஒவ்வொன்றும் இருக்கும். தண்டவாளத்தில் வேலை செய்தவர் இருக்கமாட்டார். ஆனால் குறை முறையில் இல்லை, செய்பவரின் பார்வையில் இருக்கிறது. நேர்மையாக அளவெடுத்துச் செய்கிறவர் எத்தனை கட்டைக்கு ஒரு தண்டவாளம் என்று எண்ணவேண்டியிருக்கும்; எண்ணினால், அந்தக் கட்டையைத் தூக்கிய தோள் யாருடையது என்ற கேள்வியிலிருந்து தப்பமுடியாது. குவீன்ஸ்டவுன் பாதையைச் செய்பவர் அந்தச் சின்ன முனீஸ்வரன் கோயிலை விட்டுவிட்டால் அவருடைய மாதிரி பிழையான மாதிரி. அளவில் மட்டும் சரியாக இருப்பது போதாது, ஆளிலும் சரியாக இருக்கவேண்டும்.

ஆவணங்கள் இருக்கும்போது ஆர்வலர் எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் ஓட்டிச் சென்றார். மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் வந்தது. தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னம், புக்கிட் தீமா நிலையம் பாதுகாக்கப்பட்ட கட்டடம், 24 கிலோமீட்டர் பாதை பசுமை வழித்தடம். இவை எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் தண்டவாளத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. அங்கே நடக்கும் ஓர் இளையருக்கு அந்த இடத்தின் அழகு தெரியும், அந்த இடம் எப்படி வேலை செய்தது என்பது தெரியாது. இரண்டு ரயில்கள் ஒற்றைத் தடத்தில் எப்படி ஒன்றையொன்று கடந்தன என்பதைப் படம் காட்டாது. மேசைமேல் ஒரு கிளைத் தடம் போட்டு, டோக்கனுக்குப் பதில் ஒரு மரத்துண்டைக் கைமாற்றி ஓட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். புனேயில் 1998இல் திறந்த ஜோஷி மாதிரி ரயில் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் நிற்பது ஓடும் ரயிலுக்கு முன்னால்தான். தேக்காவின் அடியில் 2003 முதல் ஓடும் வடக்கு–கிழக்குப் பாதையில் ஓட்டுநரே கிடையாது. அது வெட்கப்படவேண்டியதல்ல, சிறந்த பொறியியல். ஆனால் ரயிலில் மனிதர் ஒருவர் மற்றொருவரை நம்பி வேலை செய்த காலம் இந்த ஊரில் முடிந்துவிட்டது என்பதற்கும் அதுவே அடையாளம். அந்த அனுபவம் மிஞ்சியிருக்கும் இடம் ஆர்வலர்களின் மேசைதான்.

ஆகவே சிங்கப்பூர் ரயில் ஆர்வலர்களிடம், குறிப்பாகத் தமிழ் இளையர்களிடம், கேட்பது ஒன்று. ஜப்பானிய ஷின்கன்சென்னையும் சுவிஸ் மலை ரயிலையும் செய்யுங்கள். அதில் ஒரு தவறும் இல்லை. அவற்றுக்கு நடுவே மெக்கன்சி சாலை மின் நிலையத்தையும் சிராங்கூன் சாலை டிராமையும் ஒரு துண்டாகச் செய்யுங்கள். புக்கிட் தீமாவின் கிளைத் தடத்தை ஒரு துண்டாகச் செய்யுங்கள். முனீஸ்வரன் குடிலையும், சரளை கொட்டும் ஆட்களையும் மறக்காமல் வையுங்கள். செய்ததைத் தேக்காவில் ஒரு சமூக மன்றத்தில் வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கையாலேயே ஓட்டவிடுங்கள். டிராம் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்று அநேகமாக இல்லை; தஞ்சோங் பகாரில் ஏறி இறங்கியவர்களும், டிராக்‌ஷன் கம்பெனியில் வேலை செய்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். வேலையைத் தொடங்குவதற்கு முன் அவர்களிடம் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.